முதலில் ஆடுகிறவன்

பொட்டிபுரத்தில் ஒரு கல்யாண வீடு. பந்திக்கு இலை போடுவதற்கு முன் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில், பந்தல் ஓரமாக நான்கு பேர் பெஞ்சில் உட்கார்ந்து கம்பி வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் சிநேகிதன் என்ற ஒரே தகுதியில் நான் ஆட எழுந்தேன். என் கைகள் தேனிக்கும் கால்கள் மூணாறுக்கும் பஸ் ஏறியதைப்போல இருந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். மாண்டலின் வாசித்தவர் என்னைப் பார்த்துவிட்டு, வாயிலிருந்த வெற்றிலையைத் துப்ப இடம் தேடி, கிடைக்காமல் அப்படியே விழுங்கினார். கை மட்டும் நிற்கவில்லை. வெட்கப்பட்டு நான் ஒதுங்கியபோதுதான் திரும்பிப் பார்த்தேன். பந்தலில் பாதிப் பேர் எழுந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் அந்த மாண்டலின்காரர் என்னைப் பிடித்தார்.

"மாப்ளே, என்ன சோலி பாக்குற?"

"போடியில ஏலக்காய்க் கடையில மூட்டை தைக்கிறேன் மாமா."

"ஞாயித்துக்கெழமை?"

"சும்மாதேன் கெடக்கேன்."

"அப்ப மேல எஸ்டேட்டுக்கு எங்ககூட வா. இம்புட்டுக் கேவலமா ஆடுறவன் எங்கயாச்சும் இருப்பான்னு நானும் தேடிக்கிட்டே இருந்தேன்."

அவர் கொத்தனார். செங்கல் அடுக்குகிற கொத்தனார்தான். ஊரில் பாதிச் சுவர்களை அவர் கட்டியிருந்தார். மீதிப் பாதியைக் குறை சொல்வார். சிமெண்டு தின்ற விரல்களால் மாண்டலின் வாசிப்பார். அவரோடு வயலினுக்கு ஒரு சர்ச் உபதேசியார், புல்புல்தாராவுக்கு ஒரு டெய்லர், கிடாருக்கு ஜீப் டிரைவர். கிடார் பிடிப்பவர் ஜீப் வைத்திருந்தார் என்பதைவிட, ஜீப் வைத்திருந்ததால் அவர் கையில் கிடாரைக் கொடுத்தார்கள் என்பது சரியாக இருக்கும். கம்பி செட்டு என்று அவர்களைச் சொல்வார்கள். மேளம் கிடையாது. ஏன் மேளம் இல்லை என்று யார் கேட்டாலும் கொத்தனார் ஏதாவது பெரிதாகச் சொல்லப் பார்ப்பார். ஜீப்பில் இடம் இல்லை என்று டிரைவர் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவார்.

இடம் இல்லாமல் போனதும் நல்லதுதான். மேளம் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளும், ஆடித்தான் தீரவேண்டும். கம்பி அப்படி இல்லை. உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டுகிற மாதிரி ஆரம்பிக்கும். ஆட மாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருப்பவரின் கட்டைவிரல் அவருக்குத் தெரியாமலே செருப்புக்குள் ஆடும். ஒரே மெட்டு சுற்றிச் சுற்றி வரும், ஒவ்வொரு சுற்றுக்கும் நூலளவு வேகம் ஏறும். கொத்தனார் வாசிக்கும்போது தந்தியைப் பார்க்கவே மாட்டார், ஆடுகிறவர்களின் கால்களைத்தான் பார்ப்பார். கிழவி ஒருத்தி தடுமாறினால் அந்தச் சுற்று அவளுக்காகக் கொஞ்சம் தாழும். இளவட்டங்கள் துள்ளினால் அவர்களோடு ஓடும். தங்களை யாரோ கவனித்து வாசிக்கிறார்கள் என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. தங்களுக்குத்தான் இன்று ஆட்டம் நன்றாக வருகிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

மேலே மலையில் ஏலக்காய் எஸ்டேட்டுகளில் ஒவ்வொரு காய் எடுப்பும் முடிகிற சமயம் முதலாளிமார் கறிச்சோறு போடுவார்கள். காய் வாட்டுகிற ஸ்டோருக்கு முன்னால் இருக்கும் களத்தில், சாப்பாடு முடிந்த மதியத்தில் ஆட்டம். பனி இறங்குவதற்குள் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிக்குத் திரும்பியாக வேண்டும் என்பதால், வெயில் இருக்கும்போதே ஆடி முடித்துவிட வேண்டும். அதில் ஒரு சிக்கல் இருந்தது. முதலில் எழுந்து ஆட யாருக்கும் தைரியம் வராது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடிப்பார்கள். ஆண்கள் பீடி பற்றவைக்க ஓரமாகப் போவார்கள். நன்றாக ஆடுகிற ஒருவரை முதலில் இறக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் கம்பி செட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் ஆடுகிறவன் மோசமாக ஆட வேண்டும். இவனே ஆடுகிறான், நமக்கென்ன என்று எல்லோருக்கும் தோன்ற வேண்டும். களம் நிறைந்ததும் அவன் சத்தமில்லாமல் விலகிவிட வேண்டும். உள்ளேயே நின்றால் அத்தனை கண்ணும் அவன் மேலேயே இருக்கும், அவர்கள் ஆட்டம் அவர்களுடையதாக இருக்காது.

அதுதான் என் வேலை. எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் வருசக்கணக்கில் ஆடி ஆடி, ஒரு நாள் நன்றாக ஆட ஆரம்பித்துவிட்டாராம். நிறுத்திவிட்டார்கள்.

நான் அந்த ஆபத்து இல்லாதவன். எஸ்டேட்டுக்கு எஸ்டேட் என் பெயர் பரவியது. ஜீப்பிலிருந்து இறங்கும்போதே பிள்ளைகள் என்னைப்போல நடந்து காட்டின. "ஏ, கோணக்காலு வந்துட்டாக!" என்று பெண்கள் பந்தியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே பிடித்திருந்தது. போடியில் நான் மூட்டை தைக்கிற ஒருவன். ஊசியைப் பார்ப்பார்கள், என்னைப் பார்க்க மாட்டார்கள். மேலே நான் எழுந்து நின்றாலே ஒரு மலை முழுக்கச் சிரித்தது. பிறகு களம் நிறையும். நான் விலகி ஸ்டோர் சுவரில் சாய்ந்து நிற்பேன். விறகுச் சூட்டில் காய்ந்த ஏலக்காய் மணம் சுவர் வழியாக முதுகில் ஏறும். ஆடுகிற வட்டத்தின் முதுகுகளை எண்ணாமல் பார்த்துக்கொண்டே நிற்பேன். ஒரு நாள்கூட யாரும் திரும்பி, 'ஏன் நிக்கிறீக, வாங்க' என்று சொன்னதில்லை. சிரிக்க வைத்தவனுக்கு வேறு என்ன வேண்டியிருக்கப்போகிறது?

ஒரு எஸ்டேட்டில் சிலமலையிலிருந்து ஜீப்பில் வந்து காய் சலிக்கிற ஒருத்தி இருந்தாள். பெயரை எழுத மாட்டேன், அவளுக்கு இப்போது மருமகன் இருக்கலாம். எல்லோரும் எழுந்தாலும் அவள் எழ மாட்டாள். சாக்கு அடுக்கின் மேல் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். ஒரு முறை தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏண்ணே, அப்பிடி மடங்குறீகளே, முட்டி வலிக்காதா?"

அண்ணே என்றாள். போடி வட்டாரத்தில் ஒரு பெண் அண்ணே என்று சொல்லிவிட்டால் கேட் மூடியாகிவிட்டது என்று அர்த்தம். ஆனால் ஒரு மனுஷி என் முட்டியைப் பற்றி விசாரித்தது அதுதான் முதல் தடவை. மூடிய கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இவளை எழுப்ப வேண்டும். கோமாளித்தனத்துக்கு இவள் எழவில்லை. அப்படியானால் நன்றாக ஆடினால் எழுவாள்.

இதைவிட முட்டாள்தனமான கணக்கை நான் அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை. வருசக்கணக்காகச் சுவரில் சாய்ந்து நின்று, நன்றாக ஆடுகிறவர்களை மட்டுமே பார்த்தவன் நான். எந்தக் கால் எப்போது வரும் என்று கண்ணுக்குத் தெரியும். காலுக்குத்தான் தெரியாது. போடியில் என் மாடி அறையில் விடிந்ததும் விடியாததுமாகப் பழகினேன். கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா, "மேல என்ன, அம்மி கொத்துறியாப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எங்கே அம்மி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆடித்தான் காட்டியிருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். கொத்தனார் மெட்டைத் தொடங்கினார். நான் எழுந்தேன். பிள்ளைகள் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்தன. நான் ஆடினேன். கால் போக வேண்டிய இடத்துக்குப் போனது, கை அதோடு வந்தது. திரும்புகிற இடத்தில் திரும்பினேன். திறந்த வாய்கள் சிரிக்காமல் திறந்தபடியே இருந்தன. களத்தில் ஒருவர்கூட எழவில்லை. அவளும் எழவில்லை, ஆனால் முந்தானை வாயிலிருந்து இறங்கியிருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குள் ஏதோ அவிழ்ந்தது.

இரண்டு சுற்று, மூன்று சுற்று. மாண்டலின் வேகம் ஏறியது. வழக்கமான நூலளவு இல்லை. முழம் முழமாக ஏறியது. நான் பிடித்தேன். இன்னும் ஏறியது. வயலின்கூடப் பின்தங்கிவிட்டது. காய் உலர்த்துகிற படுதாவின் ஓரம் என் காலில் மாட்ட, நான் களத்தின் நட்டநடுவில் குப்புற விழுந்தேன்.

எஸ்டேட்டே வெடித்துச் சிரித்தது. அடுத்த நொடி எல்லோரும் எழுந்துவிட்டார்கள். என்னைத் தாண்டித்தான் வட்டம் போட்டார்கள்.

கொத்தனார் வேண்டுமென்றே ஓட்டிவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. களம் நிறையவில்லை, ஜீப் கிளம்பும் நேரம் நெருங்குகிறது, இவனை விழவைத்தால் எல்லாம் நடக்கும் என்று தொழில்காரராக யோசித்திருக்கிறார். சுவரில் சாய்ந்து முழங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நெசமா விழுந்தீகளா, வேசமா?"

என் வாய்க்கு ஒரு பழக்கம் உண்டு. அடிபட்டதும் முதலில் ஓடி வந்து நிற்பது அதுதான். "இதுகூடத் தெரியலயா? எல்லாம் வேசந்தேன்."

"அதுக்கு முன்னாடி ஆடுனது?"

"அதுவும் வேசந்தேன்."

"அப்பிடியா," என்றாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். பிறகு போய் வட்டத்தில் சேர்ந்துகொண்டாள். அவள் ஆடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். நன்றாகவே ஆடினாள். இத்தனை நாள் ஏன் உட்கார்ந்திருந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடி பட்டதா என்று கேட்ட மற்றவர்களிடமும் வேசந்தேன் என்று சொல்லிச் சிரித்தேன். அன்று அவள் என்னை அண்ணே என்று சொல்லவில்லை என்பதை, ஜீப் பாதி மலை இறங்கிய பிறகுதான் கவனித்தேன். டிரைவரிடம் நிறுத்தச் சொல்லி என்ன செய்ய? மேலே ஏறி ஓடவா முடியும்? அடுத்த காய் எடுப்புக்கு அவள் வரவில்லை. கேரளாப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்றார்கள்.

அதன்பின் சில வாரங்கள் போனேன். கோணல் மாணலாகவே ஆடினேன். ஆனால் கொத்தனாரின் முகத்தைப் பார்ப்பதில்லை. பிறகு ஏதோ சாக்கு சொல்லி நின்றுவிட்டேன். மூட்டை தைக்க மெசின் வந்ததும் ஒரு செல்போன் கடை போட்டேன். கல்யாணம் என்னைத் தாண்டிப் போனது. நானும் கூப்பிட்டு நிறுத்தவில்லை. மெஸ்ஸில் என் இலைக்கு எதிர் நாற்காலியில் என் குடை உட்கார்ந்திருக்கும். கடைக்கு வருகிறவர்களை இன்னும் சிரிக்க வைக்கிறேன். சார்ஜர் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

போன மாதம் கிடார் டிரைவர் கடைக்கு வந்தார். "கொத்தனாரு குரங்கணியில மகன் வீட்டுல இருக்காரு. எடது கை விரல் ரெண்டு மடங்க மாட்டேங்குது. ஒன்னைய விசாரிச்சாரு," என்றார். கடையை மத்தியானமே சாத்திவிட்டுப் பஸ் ஏறினேன்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றதும் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். "செருப்பு தேஞ்சிருக்கு. இன்னும் கோணலாத்தேன் நடக்குற," என்றார். கடுங்காப்பி வந்தது. பழைய எஸ்டேட்டுகள், செத்துப்போன டெய்லர், கட்டிய சுவர்கள் என்று பேச்சு போனது. கிளம்பும் நேரம் நெருங்கியபோது, வேடிக்கைபோலக் கேட்டுவிட்டேன்.

"மாமா, அன்னைக்கு ஏன் அப்பிடி ஓட்டுனீக? நான் விழுகணும்னுதானே?"

அவருக்கு எந்த நாள் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான் எங்கடா ஓட்டுனேன்? நீயில்ல ஓட்டுனே. ஒங் காலைப் பாத்துக்கிட்டுல வாசிச்சேன். எத்தனையோ பேரு காலைப் பாத்து வாசிச்சிருக்கேன். எங் கை என் பேச்சக் கேக்காம ஓடுனது அன்னைக்கு ஒரு நாள்தேன்."

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல மாமா?"

"எந்திரிச்சு வந்து கேக்கலாம்னு பாத்தேன். நீ எல்லார்கிட்டயும் வேசம் வேசம்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தே. சரி, நெசமாவே வேசந்தேன் போலன்னு இருந்துட்டேன்."

எனக்கு ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை. அபூர்வமாக அப்படி நடக்கும். தெருவில் ஒரு ஜீப் போய் அடங்கியது. அவர் நாற்காலியின் கைப்பிடியில் வலது கையால் தட்ட ஆரம்பித்தார். அந்த மெட்டுதான்.

"எந்திரி."

"எதுக்கு மாமா? இங்க யாரு இருக்கா, யாரை எழுப்ப?"

"எழுப்பவெல்லாம் வேணாம். ஆடு, வெரசா. காப்பி ஆறுது."

எழுந்தேன். முட்டி சத்தம் போட்டது. மோசமாக ஆடுவதா, நன்றாக ஆடுவதா என்று தீர்மானிக்கக்கூட விடாமல் கால் தானாகப் போனது. மருமகள் வாசற்படி வரை வந்து பார்த்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருந்ததால் உள்ளே போய்விட்டாள். பக்கத்து வீட்டு நாய் தலையைத் தூக்கிப் பார்த்து, மறுபடி படுத்துக்கொண்டது. வேறு யாரும் வரவில்லை. அதனால் நான் விலகிப்போய் எங்கும் நிற்க வேண்டியிருக்கவில்லை. ஒரு சுற்று முடிந்து இரண்டாவது சுற்றில் அவர் கை தடுமாறியது. தாளம் நின்றது. மெட்டின் நடுவில், ஒற்றைக் காலைத் தூக்கியபடி, ஐம்பது தாண்டிய நான் அந்த வாசலில் நின்றேன். அவர் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"காலைக் கீழ வச்சிராத மாப்ளே. இந்தா வர்றேன்."