அத்தையின் தோளுக்கு அளவெடுத்த துப்பாக்கி

தாத்தா இறந்த பிறகு அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி அப்பாவுக்குத் தீராத தொல்லையாக வந்து சேர்ந்தது. கீழ்பென்னாத்தூர் நிலத்தில் வேர்க்கடலையைக் கிளறும் பன்றிகளை விரட்டத் தாத்தா வைத்திருந்தது அது. அப்பாவோ திருவண்ணாமலையில் செங்கம் சாலைப் பக்கம் வெளியூர்க்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர். பன்றியைக் கண்டால் அவர்தான் ஓடுவார். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் அலைந்து வாங்கி வர வேண்டும். விற்றுத் தொலைத்துவிடலாம் என்று அவர் முடிவு செய்தபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்து எங்கள் அறையில் தங்கிய சென்னைக்காரர் ஒருவர், பறக்கும் மண் தட்டுகளைச் சுடுகிற போட்டிக்காரர். பழைய துப்பாக்கி என்றால் அவருக்கு உயிர். பார்த்துவிட்டு விலை சொல்வதாகச் சொன்னார்.

மறுநாள் கூடத்தில் பாயை விரித்து, துப்பாக்கியை மூன்று பாகமாகக் கழற்றி வைத்தார். சமையலறைக் கதவருகே அத்தை வந்து நின்றாள். அப்பாவின் தங்கை. புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்து எங்களோடு இருந்தாள். ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அறைகளில் தங்குகிறவர்களுக்கு அவள்தான் சமைத்துப் போடுவாள்.

அவர் குழல்களை வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். வெள்ளி வளையல்களை அடுக்கியதுபோல உள்ளே வெளிச்சம் வளையம் வளையமாகப் போயிற்று. குழலின் அடியில் சின்னச் சின்ன முத்திரைகள் இருந்தன.

"இங்கிலாந்துல சோதிச்சுப் பாத்துக் குத்தினது. இத வெச்சுதாங்க வயசு கண்டுபுடிப்போம்" என்றார். பிறகு குழல்களை ஒரு விரலில் தொங்கவிட்டுப் பென்சிலால் தட்டினார். பூஜை மணிபோல ஒலித்தது. ரெண்டு குழலும் ஒட்டு விடாமல் இருந்தால்தான் இந்த நாதம் வருமாம். ஒவ்வொரு தட்டுக்கும் அப்பாவின் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று.

எல்லாவற்றையும் மாட்டித் தோளில் வைத்துப் பார்த்தவர் முகம் சுளித்தார். "அடடா, பின்கட்டைய வெட்டிட்டாங்களே! யாரோ கை குட்டையா இருக்கறவங்களுக்காக வெட்டியிருக்காங்க. இதனால விலை ரொம்பக் கம்மியாயிடுங்க."

"எங்கப்பா ஆறடி ஆளுங்க. அவரு எதுக்கு வெட்டணும்?" என்றார் அப்பா.

"எனக்குத்தான் வெட்டினாரு" என்றாள் அத்தை. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். "நீ வேலூர்ல ஆஸ்டல்ல இருந்தண்ணா, உனக்குத் தெரியாது. உடைஞ்ச சட்டி மூடியெல்லாம் தூக்கித் தூக்கிப் போடுவாரு, நான் சுடுவேன். கல்யாணம் பேசற வரைக்கும்."

சாயங்காலம் சுட்டுப் பார்ப்பதற்காக அவருடைய காரில் எங்கள் நிலத்துக்குப் போனோம். அத்தையை யாரும் கூப்பிடவில்லை. அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கடலை பிடுங்கி வெறுமையாகக் கிடந்த நிலத்தில் காரிலிருந்து இறக்கிய பொறி மண் தட்டுகளை எறிய, அவர் சிலவற்றைச் சுட்டு உடைத்தார். பிறகு துப்பாக்கியை அத்தையிடம் நீட்டினார். "யாராவது பாத்துடப் போறாங்க" என்றார் அப்பா. அது அத்தையின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

ஆரஞ்சு நிறத் தட்டு மலையைப் பார்த்து விர்ரென்று பறந்தது. முதல் குண்டு தவறியது. தட்டு தூரத்தில் புள்ளியாகிக்கொண்டிருந்தது. அத்தை துப்பாக்கியை இறக்கவில்லை. இரண்டாவது குழல் வெடித்ததும் வானத்தில் கொஞ்சம் பொடிதான் மிஞ்சியது. அத்தை சிரித்தாள். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

"இத விக்காதீங்க சார். இவங்க பேருக்கு லைசென்ஸ் கேட்டு எழுதிப் போடுங்க. எங்க கிளப்புல லேடீஸும் சுடறாங்க" என்றார் வந்தவர்.

"அதெல்லாம் நம்ம வீட்டுக்குச் சரிப்படாதுங்க."

அத்தை துப்பாக்கியை மடக்கித் திறந்து, காலித் தோட்டாக்களை எடுத்துவிட்டு, வந்தவரிடமே கொடுத்தாள். "குடுத்துடுண்ணா. சும்மா கெடந்தா துருதான் புடிக்கும்."

எழுத்து வேலையெல்லாம் முடிந்து துப்பாக்கி சென்னைக்குப் போயிற்று.

சுட்டதற்கு மறுநாளே அத்தையின் வலத் தோள் கன்றி நீலமாகியிருந்தது. பல வருஷம் தொடாததால் சரியாக அழுத்திப் பிடிக்கவில்லையாம். நான் தைலம் எடுத்து வந்தேன்.

"தேய்க்காதடி."

"வலிக்குதா அத்தை?"

"வலிக்குது. இருக்கட்டும்."

தினமும் குளித்துவிட்டு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்ப்பாள். ஆறிவிட்டதா என்று பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, ஒரு காலையில் தோள் பழையபடி ஆகிவிட்டது. "அத்தை, சரியாப் போச்சு!" என்று குதித்தேன்.

அத்தை வெகுநேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, அறைக்காரர்களுக்கு இட்லி ஊற்றப் போனாள். நல்ல செய்தி சொன்ன என்னிடம் அன்றைக்கெல்லாம் அவள் ஏன் பேசவில்லை என்பது எனக்கு விளங்கவேயில்லை.