மாடி மாறி வந்த விருந்து

அவளுக்கு நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை. இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் வீட்டுச் சண்டைகளைப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தவள். வீட்டுக்கு வந்து கரண்டியைப் பிடித்தால்தான் அவளுக்கு மூச்சே சீராகும். யாரிடமும் கற்றதில்லை, எல்லாம் கைப்பக்குவம். மதியம் டப்பாவைத் திறந்தால் அலுவலகமே மோப்பம் பிடித்து வந்து நிற்கும். அவர்கள் ஏற்றிவிட்டதில் ஒருநாள் துணிந்து விளம்பரம் கொடுத்தாள்: ஞாயிறு மதியம், வீட்டுச் சாப்பாடு, கட்டணம் உண்டு, ஆறு பேருக்கு மட்டும்.

முதல் ஞாயிறு. பன்னிரண்டரைக்கு வரவேண்டியவர்கள் பன்னிரண்டுக்கே மணியடித்தார்கள். ஒரு தம்பதி, இரண்டு மகள்கள், கூடவே அந்த மனிதரின் அக்காவும் அக்கா கணவரும். தலையை எண்ணினாள், சரியாக ஆறு.

"வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கேன்!"

வாய் திறக்க விடாமல் உட்காரவைத்துப் பூசணி சூப்பை ஊற்றினாள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு குடித்தார்கள். இன்னும் கேட்டார்கள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இங்க தண்ணி நல்லா வருமா?" என்றார் குடும்பத் தலைவர்.

"எப்பவும் வரும்" என்று அவர் தம்ளரை நிரப்பினாள்.

"சமையலறையைப் பார்க்கலாமா அக்கா?" என்றாள் அவர் மனைவி. பெருமை பிடிபடாமல் கூட்டிப் போனாள். வந்தவள் குழாயைத் திறந்து மூடினாள், அலமாரியைத் தட்டிப் பார்த்தாள். சுத்தம் பார்க்கிறாள்போல என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

கோழி முழுசும் காலியானது. மனிதர் எழுந்து, பையிலிருந்து டேப்பை எடுத்து ஜன்னலை அளந்தார். லிஃப்ட் மெக்கானிக்கான அவளுடைய கணவருக்கு அப்போதுதான் பொறிதட்டியது.

"சார், நீங்க சாப்பிடத்தானே வந்தீங்க?"

"வீடு பார்க்க வந்தோங்க. இது மூணாம் மாடிதானே?"

"ரெண்டாம் மாடி."

அந்த நேரம் பார்த்து மறுபடியும் மணி. வாசலில் ஆறு பேர், நல்ல உடுப்பில், நல்ல பசியில்.

அவளுக்குத் தலை சுற்றியது. அடுத்த நொடி சிரிப்பு வந்தது. அடக்க அடக்கப் பீறிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சாப்பிட்டது நாங்க, சமைக்கிறதும் நாங்களே" என்று அக்காக்காரி சேலையை இழுத்துச் செருகினாள். மகள்கள் உருளைக்கிழங்கு சீவினார்கள். அவள் கணவர் துணி தேய்க்கும் மேசையை இழுத்துப் போட்டு இன்னொரு பந்திக்கு இடம் செய்தார்.

"கோழின்னு போட்டிருந்தீங்களே?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"இருக்கே, அவங்க வயித்துல!" என்றார் கணவர். வீடே குலுங்கியது. கோழி கேட்டவரே முட்டை அடிக்க எழுந்து வந்தார்.

மாலை நான்கு மணிக்கு மூன்றாம் மாடி வீட்டுக்காரர் கோபமாக இறங்கி வந்தார். "எவ்வளவு நேரம் காத்திருக்கிறது?" என்றவர் கையில் யாரோ ஒரு தட்டைத் திணித்தார்கள். இரண்டாவது வாயிலேயே வீடு பார்க்க வந்தவர்களோடு வாடகை பேசி முடித்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கு முதல் ஆளாகத் தன் பெயரைத்தான் எழுதச் சொன்னார்.