அந்த மூட்டில் நான் விட்ட பசை

உள்துறைமுக வீதியில் இருந்த ஒரு கராஜில் நான் பதினெட்டு வருடமாக டிங்கரிங் வேலை செய்துவந்தேன். நசுங்கிய கதவை என்னைப்போல் நிமிர்த்த ஊரில் ஆளில்லை என்பார்கள். கட்டாரில் கப்பல் திருத்தும் இடத்தில் வேலை பார்த்த கிண்ணியாக்காரன் ஒருவன் எங்களோடு வந்து சேரும்வரை அந்தப் பேச்சு எனக்கே சொந்தமாக இருந்தது.

அவன் என்னைவிடப் பத்து வயது இளையவன். அவன் வந்த மூன்றாம் மாதம் ஒரு பல் வைத்தியர் தன் பழைய ஜப்பான் காரைக் கொண்டுவந்தார். வேலை நாட்களில் அதில்தான் கிளினிக்குக்குப் போவார். லீவு நாட்களில் ரேஸுக்குக் கொண்டுபோவார். வளைவுகளில் வேகமாகத் திருப்பும்போது காரின் பொடி, அதாவது தகட்டுக்கூடு, முறுக்கிக்கொள்கிறதாம். எஞ்சின், இருக்கைகள் எல்லாவற்றையும் கழற்றி, தகடும் தகடும் சேரும் மூட்டுகளில் வெல்டிங் வைத்து இறுக்கித் தரச் சொன்னார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். வேலை எனக்குத்தான் என்று நினைத்தேன்.

"மூட்டுகளில தண்ணி புகாமல் பூசியிருக்கிற பசையை நீங்கள் சுரண்டிக் குடுங்கோ. வெல்டிங்கைத் தம்பி பார்க்கட்டும்."

சுரண்டினேன். அவன் வேலையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சுரண்டினேன். ஓர் அங்குலம் வைப்பான், ஓர் அங்குலம் விடுவான். சூட்டில் தகடு கோணாமலிருக்க இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இடம் மாறுவான். குறை தேடினேன், கிடைக்கவில்லை. வைத்தியர் அவனை "மாஸ்டர்" என்று கூப்பிட்டார். அவர் வாங்கிவந்த ரோல்ஸில் எனக்கும் ஒன்று தந்தார்கள். நான் தின்னவில்லை.

முன்சில்லின் டயருக்கு மேலே, கை நுழைவதே கஷ்டமான ஒரு மூட்டு இருந்தது. மறுநாள் அதை மேலோட்டமாகச் சுரண்டிவிட்டு, உள்ளே இருந்த பசையை அப்படியே விட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன். "முடிஞ்சுது" என்றேன்.

அவன் வெல்டிங்கைத் தொடங்கியதும் பசை எரிந்து புகைந்தது. நெருப்புப்பொறி தெறித்தது. வைத்த இடமெல்லாம் ஊசித்துளைகள்.

"என்ன தம்பி இது?" என்றார் முதலாளி. வைத்தியரும் பக்கத்தில் நின்றார்.

அவன் முகமூடியை உயர்த்தி என்னை ஒருமுறை பார்த்தான். "வைக்க முதல் நான் ஒருக்காப் பார்த்திருக்கணும். என்ட பிழைதான்."

அரைநாள் செலவழித்து அவ்வளவையும் கிரைண்டரால் அரைத்தெடுத்து, திரும்ப வைத்தான். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் கூடியது. கை மட்டுமே நல்லது என்றிருந்தால் தாங்கியிருப்பேன், ஆளும் நல்லவனாக இருந்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிடும்போது என்னால் பொறுக்க ஏலாமல் போயிற்று.

"நான் வேணுமெண்டுதான் விட்டனான்."

"தெரியும் அண்ணன்."

"பிறகேன் சொல்லேல்ல?"

"சொன்னா நீங்க கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பீங்க. மத்தப் பக்கத்து மூட்டு இதைவிட இடுக்கு, என்ட கை போகாது. உங்கட கைதான் சின்னன். அதுக்கு நீங்களே வெல்டிங் வச்சிருங்க."

வைத்தேன். உறுதியாக இருந்தது, ஆனால் அவனுடையதைப்போல் ஒரே சீராக இல்லை. எனக்கும் அவனுக்கும் மட்டும் அது தெரியும்.

ரேஸ் முடிந்து வந்த வைத்தியர், "இப்ப கல்லு மாதிரி நிக்குது மாஸ்டர்" என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஒரு பக்கம் அண்ணன் வச்சது" என்றான்.

வைத்தியர் என் கையையும் குலுக்கினார். அவன் கையைக் கொஞ்சம் கூடுதலான நேரம் குலுக்கியதாக எனக்குப் பட்டது.