ஒரு கையெழுத்துக்காக லா ஷோ-து-ஃபோன் வரை

ஜனவரி. வெள்ளிக்கிழமை. ஆராய்ச்சி நிதி விண்ணப்பத்தில் ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. கெடு, நண்பகல் பன்னிரண்டு. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

திட்டம் எளிது. மேடையில் தவில் ஒலிக்கும். என் கணினி நிரல் அதைக் கேட்டு, அந்தக் கணமே தன் ஒலியால் பதில் சொல்லும். தவில், சிவநேசன் அண்ணாவுடையது. வார நாட்களில், மலையூரான லா ஷோ-து-ஃபோனில், கடிகாரத் தொழிற்சாலையில் பாகங்களை மெருகேற்றுகிறார். வார இறுதியில் கோயில்களில் வாசிக்கிறார். அவர் கையெழுத்து பேனா மையில்தான் இருக்க வேண்டும் என்ற விதியை வியாழன் மாலைதான் கவனித்தேன். தொலைபேசியில் அவர் சொன்னார்: "வாங்கோ தங்கச்சி. ராகு காலத்திலை மட்டும் வைக்க மாட்டன்."

நான் இருக்கும் ஓர்லிகோனில் 7.35 ரயிலுக்குக் கிளம்பினேன். பீல் நிலையத்தில் இணைப்பு ரயில் இரண்டு நிமிடத்தில் தவறியது. அடுத்ததற்கு ஒரு மணி நேரம். என் கைபேசி நாட்காட்டியில் ராகு காலம் 10.30 முதல் 12.00 வரை. லா ஷோ-து-ஃபோனில் இறங்கியபோது 10.42.

பனியில் பத்து நிமிட ஏற்றம். வீட்டுக் கதவைத் திறந்த அண்ணா கேட்டார்.

"ஏன் முகம் இப்பிடி?"

"ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சுண்ணா."

கைபேசியைக் காட்டினேன். சிரித்தார்.

"இது சென்னையின்ரை ராகு. இங்கை சூரியன் எழும்பினதே எட்டு மணிக்குப் பிறகு. அவர் எழும்பாமல் இவர் எங்கையிருந்து வாறது?"

சுவரில் இங்குள்ள கோயில் அச்சிட்ட நாட்காட்டி. அதில் ராகு காலம் தொடங்குவதே 11.23க்கு. உதயத்திலிருந்து அதைக் கணக்கிட ஐந்து வரி நிரல் போதும். எனக்குத் தோன்றவில்லை.

பேனாவைத் திறந்தார். பிரெஞ்சுப் படிவத்தை நிதானமாகப் படித்தார். பேனாவை மூடினார்.

"என்னை என்னெண்டு போட்டிருக்கிறியள்?"

"தரவு வழங்குநர்..."

"அப்ப நான் உங்கடை மெசினுக்குத் தீனி."

குரலில் கோபம் இல்லை. அதுதான் உறைத்தது.

"தப்புதான்ணா. என்னன்னு போடட்டும்?"

"கலைஞர் எண்டு. உங்கடை பேருக்குப் பக்கத்திலை. கீழை இல்லை."

அப்படியானால் அவர் இணை விண்ணப்பதாரர். அதற்கு ஒரு பக்கம் முழுக்க நிரப்ப வேண்டும். எங்கே கற்றார், எத்தனை வயதில், யாரோடு வாசித்தார். ஆறு மாதம் அவர் வாசிப்பைப் பதிவு செய்திருக்கிறேன். இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. சமையலறை மேசையில் தட்டச்சு செய்தேன். அவர் தேத்தண்ணி ஊற்றியபடி சொன்னார். 11.19க்கு அவர் வீட்டு அச்சுப்பொறியில் அச்சு. 11.21க்குக் கையெழுத்து. அதை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினேன். 11.40க்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஒரு மணிக்கு அவருக்கு வேலை. நிலையம் வரை கூடவே நடந்து வந்தார்.

இதே வழியில் போகிறவர்களுக்கு: அரைக்கட்டண அட்டையோடு ஒரு வழிக்கு ஏறக்குறைய முப்பது பிராங்க், இரண்டு மணி நேரம். பீலில் மாறப் பத்து நிமிடமாவது விட்டுக்கொள்ளுங்கள். ஜனவரியில் வழுக்காத சப்பாத்து அவசியம். நிதி கேட்டு எழுதுகிறவர்களுக்கு: கையெழுத்தை ஒரு வாரம் முன்பே வாங்குங்கள். கூட வேலை செய்பவரை என்னவென்று குறிப்பிடுவது என்பதை, எழுதும் முன் அவரிடமே கேளுங்கள்.

ஏப்ரலில் நிதி கிடைத்தது. கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். போதும். இரண்டு பெயர்களும் ஒரே வரியில் இருந்த கடிதத்தை அண்ணா தொழிற்சாலையில் தன் அலமாரிக் கதவில் ஒட்டிப் படம் அனுப்பினார். கூடவே ஒரு குரல்செய்தி:

"பதினேழு வருசமாப் பக்கத்து மேசையிலை இருக்கிறவன் இண்டைக்குத்தான் கேக்கிறான், நான் என்ன வாசிக்கிறனான் எண்டு. திங்கக்கிழமை தவிலைக் கொண்டு போறன்."