குத்தாமல் தட்டில் வைத்த அலகு

இது நடந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், மலேசியாவில் எங்கள் சுங்கைப்பட்டாணித் தைப்பூசத்தில். நான் கோலா கெத்தில் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். அதற்கு நாலு மாதம் முன்பு ஒருநாள், எதிரே வந்த லோரி எனக்கு இரண்டாகத் தெரிந்தது. ஓரங்கட்டிக் கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். ரோட்டோர ரப்பர் பால்மரமும் இரண்டு. வயதாகிவிட்டது, கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று போனவனைக் கண் டாக்டர் ஸ்கேனுக்கு அனுப்பினார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் ஒரு புடைப்பு இருந்தது.

பினாங்கில் ஒரு மருத்துவமனையில் இளம் பெண் டாக்டர் ஒருவர் எனக்குப் புரியும்படி சொன்னார். "அங்கிள், லோரி டயரு ஓரத்துல புடைச்சுக்கிட்டு வருமே, அது மாதிரிலா. வெடிச்சா ஆபத்து."

மண்டையைத் திறக்கவில்லை. தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, புடைப்பு இருக்கும் இடத்தில் நுணுக்கமான கம்பி வலைக் குழல் ஒன்றை விரித்து வைத்தார்கள். ரத்தம் அதன் வழியே நேராகப் போய்விடுமாம். புடைப்புக்குள் போவது குறைந்து, தேங்கி உறைந்து, அது மெல்ல மூடிக்கொள்ளுமாம். அதற்குப் பல மாதம் ஆகும். அதுவரை கம்பியில் ரத்தம் கட்டி அடைக்காமல் இருக்க, இரண்டு மாத்திரை. ஒரு நாள்கூட விடக் கூடாது என்று டாக்டர் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான், தலை குணமாக வேண்டும், நாக்கில் அலகு குத்திக் காவடி எடுக்கிறேன் என்று முருகனிடம் நேர்ந்துகொண்டேன். பால்குடம் போதும் என்றாள் என் மனைவி. கேட்டால்தானே!

சைவச் சாப்பாடு, தரையில் படுக்கை என்று விரதம் ஒழுங்காகத்தான் போனது. பூசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, சவரம் செய்கையில் சின்னதாக ஒரு கீறல். ரத்தம் நிற்கவே இல்லை. அந்த மாத்திரையால்தான் என்று புரிந்தது. அலகு குத்தும்போது ரத்தம் வந்தால், விரதத்தில் ஏதோ குறை என்று எங்கள் பக்கம் பேசுவார்கள். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? அன்றிலிருந்து மாத்திரையை நிறுத்தினேன். மனைவிக்குத் தெரியக் கூடாதென்று தினமும் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துச் சிங்க்கில் போட்டுத் தண்ணீர் விட்டேன். தலைக்குள் இருந்த ஆபத்தைவிட ஊர்ப் பேச்சுக்குப் பயந்த முட்டாள் நான்.

பூசத்தன்று காலை மஞ்சள் வேட்டியோடு வரிசையில் நின்றேன். அலகு குத்துகிறவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், முன்பின் பார்த்ததில்லை. இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோய் இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, என்ன மருந்து என்று ஒவ்வொருவரையும் விசாரித்துவிட்டுத்தான் அலகைக் கையில் எடுத்தார். என் முறை வந்தது.

"ரத்தம் உறையாம இருக்கிற மருந்துதான் தம்பி. கவலப்படாதீங்க, நாலு நாளா நிறுத்திட்டேன், ரத்தம் வராது," என்றேன், ஏதோ சாதித்தவன் மாதிரி.

"எதுக்குண்ணே அந்த மருந்து?"

"தலைக்குள்ள கம்பிக் குழல் வெச்சிருக்கு."

எடுத்த அலகைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "எங்கம்மாவுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் இருக்குண்ணே. மருந்த நாந்தான் எடுத்துக் குடுக்கிறேன். நீங்களா நிறுத்தினா அடைச்சுக்கும்லா. நான் குத்த மாட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேர்த்திக்கடனைத் தடுக்க நீ யார் என்று நாலு பேர் முன்னால் கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. கூட யார் வந்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். பால்குடத்தோடு நின்ற என் மனைவியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. மருத்துவமனைக்குப் போன் போட்டாள்; உடனே வரச் சொன்னார்கள். கையில் இருந்த பால்குடத்தை என்ன செய்வதென்று அவள் திகைத்து நிற்க, அவரே வாங்கிக்கொண்டார்.

"பேரு, நட்சத்திரம் சொல்லிட்டுப் போங்கக்கா. என் தங்கச்சி எடுத்துக்கிட்டுப் போவும். மொதல்ல அண்ணன கூட்டிட்டுக் கெளம்புங்க."

மஞ்சள் வேட்டியும் திருநீறுமாகப் பினாங்குப் பாலத்தைக் கடந்தேன். கை மரத்துப் போகிறதா என்று வழியெல்லாம் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். ஸ்கேனில் அடைப்பு எதுவும் இல்லை. டாக்டர் இந்தத் தடவை என் தலையாட்டலை நம்பவில்லை. தன் கண்ணெதிரே மாத்திரையை விழுங்க வைத்தார்.

சில மாதம் கழித்து எடுத்த படத்தில் புடைப்பைக் காணோம். ரத்தக் குழாய் மட்டும் நேராக ஓடியது. டாக்டர் அறையிலேயே அழுதுவிட்டேன். இப்போது எதிரே வரும் லோரி எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

அடுத்த தைப்பூசத்தில் நானே பால்குடம் எடுத்தேன். அந்த அலகு குத்துகிறவரைத் தேடிப் போய், அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "இன்னிக்கு மருந்து சாப்ட்டாச்சாண்ணே?" என்றார். தினமும் காலையில் மாத்திரையை வாயில் போடும்போது அந்தக் கேள்வி என் காதில் விழுகிறது. கட்டிலில் படுத்துக்கொண்டு நான் வேண்டியதற்கு முருகன் பதில் சொன்னது அந்த மனிதரின் வாயால்தான் என்று இன்றும் நம்புகிறேன்.