பி பக்கத்தின் மிச்சம்

அந்தக் கேசட்டின் மேல் என் அண்ணன் பச்சை மையில் எழுதியது மங்கிவிட்டது. பாட்டு மங்கவில்லை. ஒரு வெளிநாட்டு ராக் குழு கழித்துப் போட்ட சரக்கெல்லாம் அதில் இருக்கிறது: ஆல்பத்தில் இடம் கிடைக்காதவை, இசைத்தட்டின் மறுபக்கத்தில் ஒப்புக்குச் சேர்த்தவை, பாதியில் சொதப்பித் தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொள்ளும் ஒத்திகைகள். பாளையங்கோட்டையில் படித்தபோது பிடித்த பித்து, துபாய்க்குப் போயும் அவனுக்குத் தெளியவில்லை. "நல்லா ஓடுன பாட்ட எல்லாவனும் கேப்பான். ஒதுக்கிப் போட்டதத் தேடிக் கேக்கான் பாரு, அவன்தான் ரசிகன்" என்று எனக்கு வகுப்பெடுப்பான். தொண்ணூறுகளின் நடுவில், நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஊருக்கு வந்த ஒருவர் கையில் அதை எனக்காகக் கொடுத்தனுப்பியிருந்தான்.

மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் அன்று கடிதத்தைவிடக் கேசட்டுதான் அதிகம் கடல் தாண்டியது. வாப்பா தொண்டையைச் செருமி, சலாம் சொல்லித் தொடங்குவார். உம்மா பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டதுவரை சொல்லுவாள். மதினியின் முறை கடைசியில் வரும். வீடே வாயைப் பார்த்துக்கொண்டிருக்கையில் கட்டின புருஷனிடம் எதைத்தான் பேசுவது? "நான் நல்லாருக்கேன். நீங்க ஒடம்பப் பாத்துக்கிடுங்க" என்றுவிட்டு, நிறுத்தும்படி என்னைப் பார்ப்பாள். அவன் பேசி அனுப்புவதும் நடுவீட்டில் எல்லோருக்குமாகத்தான் ஒலிக்கும்.

அந்த வருஷம் அவனுடைய ஒப்பந்தம் முடிய இருந்தது. மாடி கட்டி முடிகிறவரை இன்னொரு ஒப்பந்தம் இருந்துவிட்டு வரட்டும் என்பது உம்மாவின் கட்சி. மதினிக்கு அவன் வந்துவிட வேண்டும். கல்யாணத்துக்கு வந்த விடுமுறையில் சேர்ந்து இருந்ததோடு சரி, பாவம். அதை மாமியார் முன்னால் சொல்லுகிற தைரியம் அவளுக்கு இல்லை.

ஒரு நாள் என்னிடம் அந்த ராக் கேசட்டைக் கேட்டாள். வீட்டில் வேறு யாரும் தொடாத கேசட் அது ஒன்றுதான். அது பாடத் தொடங்கினாலே உம்மா, "பல்லு வலிக்காரன் மாதிரில்லா கத்துதான்" என்று கொல்லைப்பக்கம் போய்விடுவாள். யாரும் அழித்துப் பதிந்துவிடக் கூடாதென்று அண்ணன் கேசட்டின் முதுகுச் சில்லுகளை உடைத்திருந்தான். மறுபடி பதிய வேண்டுமே என்று அந்த ஓட்டையின் மேல் மதினி செல்லோடேப்பை ஒட்டினாள். உம்மா கல்யாண வீட்டுக்குப் போயிருந்த மத்தியானம், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, பொத்தான் தானாக எகிறுகிறவரை பி பக்கம் முழுக்கப் பேசினாள். எனக்குப் பிடித்த பாட்டெல்லாம் போயிற்று. போனால் போகிறது என்றுதான் எனக்கும் தோன்றியது.

"பாட்டு சரியா பதியலன்னு சொல்லித் திருப்பி அனுப்புதேன். அவுக கேட்டுப் பாக்காமலா இருப்பாக?" என்றாள்.

உம்மா அதை நம்பினாள். நம்பினதோடு விட்டாளா? கூடவே போன வீட்டுக் கேசட்டில் முதல் வேலையாக, "எலே, அந்தக் கத்துத கேசட்டு சரியா பதியலயாம். பிள்ளைக்கு நல்லாப் பதிஞ்சு அனுப்பு" என்று உத்தரவு போட்டாள்.

நோன்பு தொடங்கும் முன்பு இரண்டு கேசட்டும் வந்தன. வீட்டுக் கேசட்டில் அண்ணன், உம்மா சொன்னபடியே கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும் மாடி வேலையைத் தொடங்கும்படியும் சொன்னான். மதினியோ தனக்கான பதில் பி பக்கத்தில் இருக்கிறது என்று நம்பினாள். அந்தப் பாட்டுகளை ஒருநாளும் கேட்டிராதவள், அன்று என்னோடு அறையில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் கேட்டாள். பாட்டுக்கு நடுவே அந்தக் குழுக்காரர்கள் ஏதாவது பேசினால் போதும், காதைக் கிட்டத்தில் கொண்டுபோவாள். கடைசிப் பாட்டும் முடிந்தது. ஒரு கரகரப்பு. அப்புறம் ஒரு பெண்குரல்: "மாடி என்னத்துக்கு? நீங்க வந்திருங்க. அது போதும்."

அவள் குரலேதான். அண்ணன் உம்மா சொல்லைத் தட்டாமல், கேட்டுப் பார்க்காமலே அதன் மேல் பாட்டுகளைத் திரும்பப் பதிந்திருக்கிறான். நாடா முடியும் முன்பே பாட்டுகள் தீர்ந்துவிட்டதால் அவ்வளவு மட்டும் தப்பியிருக்கிறது. மறுபடி பேசி அனுப்புங்கள் என்றேன். "ஒரு தடவ சொல்லுததுக்கே உசிரு போயி உசிரு வந்துச்சு. போட்டும், விடு" என்று எழுந்து போனாள். எனக்கு அழுகை வந்தது, அவள் அழவில்லை.

ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தமாக இருந்து, தலை நரைத்த பிறகுதான் அண்ணன் ஊரோடு வந்தான். மாடியில் இப்போது வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள். போன மாதம் கைபேசியை நீட்டி, அந்தக் குழு ஒதுக்கிப் போட்டதெல்லாம் ஒன்று விடாமல் வந்துவிட்டது என்று பெருமையடித்தான்.

"ஒண்ணு விட்டுப்போச்சு" என்று கேசட்டை எடுத்து வந்து என் பழைய டேப் ரிக்கார்டரில் போட்டேன். கடைசிப் பாட்டுக்குத் தலையை ஆட்டினான். முடிந்ததும் நிறுத்தப் போன கையைப் பிடித்துக்கொண்டேன். குரல் வந்தது. தேயிலைத் தண்ணி கொண்டுவந்த மதினி வாசலில் நின்றுவிட்டாள்.

"இது எப்பம் பேசுனது?" என்றான், தலை நிமிராமல்.

"ஒதுக்கிப் போட்டதுதான். கேக்கதுக்கு இம்புட்டு நாளாச்சு" என்று டம்ளரை அவன் பக்கத்தில் வைத்தாள்.

அண்ணன் பைய நாடாவைப் பின்னால் சுற்றினான். அதற்கு முன்னால் அவள் என்னென்ன சொல்லியிருந்தாள் என்று தேடினான். அங்கே எல்லாம் பாட்டாகவே இருந்தது.