கறுப்பு மணற்கரையில் ஒரு குரல்

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவிலிருந்து நானும் மனைவியும் விடுமுறைக்கு ஹவாய் போயிருந்தோம். எரிமலைப் பாறை பொடிந்த கறுப்பு மணற்கரையில் சிவப்புக் கொடி பறந்தது.

"கொடியைப் பாருங்கோ, இறங்காதேங்கோ," என்றாள் அவள்.

"நான் யாழ்ப்பாணத்துக் கடலிலை நீந்தினவன். நீர் ஸ்காபரோ நீச்சல்குளத்திலை பழகினனீர்," என்று சிரித்தபடி இறங்கினேன்.

சிறிது நேரத்தில் நீரோட்டம் என்னை உள்ளே இழுத்தது. நீந்த நீந்தக் கரை விலகிப் போனது. கைகள் சோர்ந்தபோது, நீச்சல் வகுப்பில் கற்றதை அவள் கத்திச் சொன்னாள்:

"நேரை வராதேங்கோ! பக்கவாட்டிலை நீந்துங்கோ!"

கையைக் காட்டியபடி கரையோரமாக ஓடினாள். அந்தப் பக்கமே நீந்தினேன். இழுவை விட்டது; அலைகள் என்னைக் கரை சேர்த்தன.

அவள் ஏசவில்லை. துவாயால் என் முதுகைத் துடைத்தாள். அப்போதுதான் வெட்கம் வந்தது.

இன்றும் துணிந்துதான் நீந்துகிறேன். ஆனால் பழகாத தண்ணீரில், யாராவது வேண்டாமென்றால் நின்றுவிடுகிறேன்.